‘ம்’ கொட்டுகிறவர்

அவள் வாக்கியத்தை முடித்து மூச்சிழுத்த இடைவெளியில், யாரோ ‘ம்’ என்றார்கள்.

சின்ன ‘ம்’. கதை கேட்கிறவர்கள் கொட்டுவது. மேலே சொல் என்று லேசாக முதுகில் தள்ளிவிடுவது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரெட்மில்லின் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, சூடேறிய ரப்பரும் எண்ணெயும் கலந்த வாடை கணுக்காலைச் சுற்றி எழுந்தது, பெல்ட்டின் ஒட்டு ஒவ்வொரு சுற்றிலும் உருளையின் மேல் ஏறி ‘டக்’கென்று இறங்கியது, எதிரே ஜன்னல் கண்ணாடியில் மழை கோணல் கோணலாக வழிந்தது. பக்கத்து அறையில் தம்பி படுத்தபடி சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து அவள் தொடர்ந்தாள்.

“அந்த வியாபாரி சுத்திச் சுத்தி வந்து பாக்குறானாம். அந்த வீட்டுக்குக் கதவே இல்லையாம்.”

“ம்.”

வேகத்தைக் குறைத்து, நடந்து, நிறுத்தி இறங்கினாள். இறங்கிய பிறகும் தரை பின்னால் நழுவுவது போலவே இருந்தது. புதிதாக ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள்.

“என்னடா, கதை பிடிச்சிருக்கா?”

கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. தலையணையில் தலை பட்ட குழி இல்லை. மதியம் டயாலிசிஸுக்காக அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வந்தவளே அவள்தான்.

அவளுடைய வேலை காதுகளோடு. ஒரு செவித்திறன் மையத்தில் காலை நேரப் பரிசோதகர். ஒலி புகாத சிறு அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க” என்பாள். அவள் எந்த ஒலியும் அனுப்பாத நேரத்தில் கையைத் தூக்குகிறவர்கள் தினமும் வருவார்கள். பொய் சொல்கிறவர்கள் அல்ல. காது எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால், கடைசியில் அதுவே ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். ஆகவே அன்று மாலை அவள் பயப்படவில்லை. களைப்பு, மழை, பழைய கதை. மூன்றும் சேர்ந்தால் காது ஒரு ‘ம்’ கூடவா செய்யாது?

ஏனென்றால் அந்தக் கதையோடு அந்த ‘ம்’ சேர்ந்தே வளர்ந்தது. சிறுவயதில் தம்பியைத் தூங்கவைக்கும் பொறுப்பு அவளுடையது. கதவில்லாத வீட்டின் கதையை அவளே கட்டினாள். மழையில் மாட்டிய ஒரு வியாபாரி அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பான், உள்ளே யாரோ இருப்பது மட்டும் கேட்கும். அதற்கு அவள் முடிவே வைக்கவில்லை. தேவைப்படவில்லை. தம்பியின் ‘ம்’ நடுவழியில் மெலிந்து, இழுபட்டு, நின்றுபோகும். ‘ம்’ நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

இப்போது அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. அவளுடையது பொருந்தியது. ஆனால் அறுவை மருத்துவர் அவளுடைய எடையையும் மூச்சையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இந்த உடம்போட உங்களை மேசையில படுக்கவைக்க மாட்டேன்மா. எடை இறங்கணும், மூச்சு வாங்கறது நிக்கணும். மழைக்காலம் முடியறதுக்குள்ள வாங்க. அதுக்கு மேல அவர் தாங்கறது கஷ்டம்.”

அப்படி வந்ததுதான் ட்ரெட்மில். வெளியே சாலை தோண்டிக் கிடந்தது, வேலை நேரம் தவிர தம்பியைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போகவும் முடியாது. வீடு மாறிப்போன யாரோ விற்றதை, இரண்டு பேர் படியில் இடித்து இடித்துத் தூக்கிவந்து, ஜன்னலைப் பார்த்தாற்போல் போட்டுவிட்டுப் போனார்கள். இயன்முறைப் பயிற்சியாளர், குள்ளமான, சத்தமாகச் சிரிக்கிற பெண், ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

“மெதுவா ஓடுங்க. எவ்வளவு மெதுவான்னா, ஓடிக்கிட்டே பேச முடியணும். ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“யார்கிட்ட பேசறது?”

“சுவர்கிட்ட பேசுங்க. குறுக்க பேசாம கேக்குற ஒரே ஆளு அதுதான்.”

ஆகவே அவள் பேசினாள். பேசத் தோன்றியது அந்தக் கதைதான்.

தம்பிக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. உடம்பு இளைக்க இளைக்க அவனுக்கு வாய் மட்டும் நீண்டுகொண்டே போனது. கதவில் சாய்ந்து நின்று, இடது முன்கையை மறு கையால் தாங்கியபடி, அவள் ஓடுவதைப் பார்ப்பான். அந்த முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசிகள் அங்கேதான் ஏறும். தோலுக்கடியில் கயிறு போலப் புடைத்த அந்த இடத்தில் காதை வைத்தால் ரத்தம் ஓடும் இரைச்சல் கேட்கும். தினமும் காலையில் அவள் காதை வைத்துக் கேட்பாள். அந்தச் சத்தம் நின்றால் உடனே ஓடிவரச் சொல்லியிருந்தார்கள்.

“நீ ஓடுறியா, இல்ல பெல்ட்டுக்குக் கால் அமுக்கி விடுறியா?”

“போடா.”

“நத்தையக்கா, உன்னைப் பாத்து அந்த மெஷினுக்கே கொட்டாவி வருது.”

அவள் சிரித்ததில் மூச்சு தவறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவன் திரும்பிப் போகிறவன், நின்றான்.

“ஆமா, போன்ல தினமும் யார்கிட்டக்கா பேசுற?”

“போன்லயா?”

“நீ பேசப் பேச ‘ம் ம்’னு கேட்டுக்கிட்டே இருக்காங்களே. நல்ல பொறுமைசாலி. உன் பேச்சை இவ்ளோ நேரம் கேக்குற ஆளு கிடைச்சா விட்டுடாத.”

பெல்ட்டின் ஒட்டு ‘டக்’கென்றது. மறுபடி ‘டக்’.

“ஃப்ரெண்டுடா,” என்றாள்.

“எனக்கும் நம்பர் குடு. என் பேச்சையும் யாராவது கேக்கட்டும்.”

மறுநாள் அவள் பேசாமல் ஓடினாள். உதட்டைச் சேர்த்து, மூக்கால் மூச்சு விட்டு, ஜன்னலில் மங்கலாகத் தெரிந்த தன் உருவத்தையே பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரம் மோட்டாரின் முனகலும் காலடியும் மழையும்தான். அவளுக்குத் தோள் இறங்கியது. வியர்வை காதுமடலில் உருண்டது. அப்போது, பிடரிக்குப் பின்னால், வியர்வை குளிர்ந்த இடத்துக்கு மிக அருகில்:

“ம்?”

வால் தூக்கிய ‘ம்’. ஏன் நிறுத்திவிட்டாய், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிற ‘ம்’.

அவள் இரண்டு கால்களையும் தூக்கிப் பக்கவாட்டு விளிம்புகளில் வைத்தாள். கால் தடுமாறினால் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். கால்களுக்கு நடுவே பெல்ட் வெறுமையாக ஓடியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. ஆகவே காது கொடுத்துக் கேட்டாள், கேட்பதுதான் அவள் வேலை. காலடி விழும்போதெல்லாம் மோட்டாரின் சுருதி ஒரு நூல் இறங்கி ஏறும், பாரம் தாங்குகிறபோது இயந்திரம் விடும் பெருமூச்சு. இத்தனை நாள் ஓடியதில் அவள் காதுக்கு அது பழகிவிட்டது. இப்போது அவள் பெல்ட்டின் மேல் இல்லை.

சுருதி இறங்கியது. ஏறியது.

இறங்கியது. ஏறியது.

அவளை விட மெதுவாக. புதிதாக ஓடக் கற்றுக்கொள்கிற ஒருவரைப் போல.

அவள் சட்டையில் கொக்கியிட்டிருந்த சிவப்புக் கயிற்றை இழுத்தாள். இயந்திரம் செத்து நின்றது. அறையில் யாரும் இல்லை. பெல்ட்டின் கறுப்பில், அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், ஈரம் இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் உறுப்பு கொடுக்கிறவர்களை மனநல ஆலோசகர் ஒருவர் பார்ப்பார். சிறிய அறை, மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, மென்மையான குரலில் பேசுகிற கண்ணாடிக்காரர். யாரும் வற்புறுத்துகிறார்களா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அதே மென்மையில் கேட்டார்.

“தனியா இருக்கறப்ப, யாராவது பேசற மாதிரி, கூடவே இருக்கற மாதிரி, ஏதாவது சத்தம் கேக்குதாம்மா? சும்மா கேக்கறேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்.”

மடியில் இருந்த அவளுடைய வலது கை தானாக எழுந்தது. எத்தனையோ பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்த அசைவு. இடது கையால் அதைப் பிடித்து மேசைக்கடியில் அழுத்திக்கொண்டாள். கேட்கிறது என்றால் காகிதத்தில் அவள் பெயர் மேல் ஒரு கோடு. தம்பிக்கு வேறு ஆள் இல்லை.

“இல்லைங்க,” என்றாள்.

“நல்லது. இப்படியே ஓடிக்கிட்டு இருங்க. எடை நல்லா இறங்குது.”

வேறு வழி இல்லை. ஓடினாள். பேசாமலிருந்தால் அது கேள்வி கேட்டது. கேள்வி ஒவ்வொரு தடவையும் இன்னும் அருகில் வந்தது. பேசினால் பின்னாலேயே, ஒரு கை தூரத்தில், நின்றுகொண்டது. ஆகவே பேசினாள். ஒருமுறை துணிந்து, “யாரு?” என்று கேட்டாள்.

“ம்.”

“இங்கயேதான் இருக்கியா?”

“ம்.”

“என்ன வேணும் உனக்கு? கதையா?”

பதில் வரவில்லை. அது இல்லை என்று சொல்லும் விதம் அதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. நம் மொழியில் ‘ம்’ என்றால் ‘ஆமாம்’ என்றும்தான் அர்த்தம். அதன் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சொல்ல மட்டும் செய்தாள்.

கதவில்லாத வீட்டைச் சுற்றிய வியாபாரியை எவ்வளவு சுற்றவைத்தும் போதவில்லை. இதன் ‘ம்’ மெலியவில்லை, இழுபடவில்லை. எப்போதும் விழிப்பாக, ஈரமாக, காத்துக்கொண்டு. தூங்கவே தூங்காத ஒன்றுக்குக் கதை சொல்லி மாளுமா? தெரிந்த கதைகள் தீர்ந்ததும் வீட்டைச் சொன்னாள். வேலையைச் சொன்னாள். பிறகு, வாயில் வேறு எதுவும் மிச்சமில்லாததால், தம்பியைச் சொன்னாள். சின்ன வயதில் இருட்டென்றால் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வதை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் கண்ணைத் திறக்கத் தெம்பில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை. பக்கத்து நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தால், யாரென்று பார்க்காமலே “அக்காவா?” என்று கேட்பதை.

“ம்.”

“அந்த இடது கையை யாரும் அழுத்திப் பிடிச்சிடக் கூடாது. அதுல ரத்த அழுத்தம் கூடப் பாக்க மாட்டாங்க. அடைச்சுக்கிச்சுன்னா அவ்வளவுதான்.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி இருந்தது. மனதில் குறித்துக்கொள்கிறவர்கள் விடும் இடைவெளி.

கடைசிப் பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலை மழை வலுத்திருந்தது. தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து படுக்கவைத்துவிட்டு அவள் ட்ரெட்மில்லில் ஏறினாள். நாளை எடை பார்ப்பார்கள். அதன் பிறகு இந்தச் சனியனில் ஏறவே வேண்டாம். ஆனால் பெல்ட் நகர்ந்ததும் வாய் காய்ந்துவிட்டது. சொல்ல ஒன்றும் இல்லை. துடைத்து எடுத்த பாத்திரம் போல இருந்தாள்.

“ம்?”

பிடரி மயிர் அசைந்தது.

“ம்?”

காதுமடலில் மூச்சு. குளிர்ந்த மூச்சு. ஓடிக் களைத்த மூச்சு.

“எனக்குத் தெரிஞ்சது எல்லாம் முடிஞ்சுபோச்சு,” என்றாள். “என்னை விட்டுடு. சத்தியமா முடிஞ்சுபோச்சு. மிச்சம் அவனுக்குத்தான் தெரியும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

“ம்.”

இது வேறு. கேள்வி இல்லை, தள்ளிவிடுவது இல்லை. ‘சரி’ என்கிற ‘ம்’.

பிறகு ஒன்றும் இல்லை. அவள் கால்களை விளிம்பில் வைத்துக் காது கொடுத்தாள். மோட்டார் ஒரே சுருதியில் ஓடியது. இறக்கம் இல்லை. பாரம் இல்லை. பிடரியில் காற்று சாதாரணமாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுபடி பெல்ட்டில் கால் வைத்து ஓடினாள். முதல் முறையாக யாருக்கும் எதுவும் சொல்லாமல், உள்ளங்கால் பெல்ட்டில் பட்டு எழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு. மூச்சு வாங்கவில்லை. விலா குத்தவில்லை. நத்தையாவது ஒன்றாவது. நாளை எடைப் பலகையில் ஏறுவாள், அவர்கள் தலையாட்டுவார்கள், அவன் பிழைத்துக்கொள்வான்.

நிறுத்தி இறங்கினாள். தரை வழக்கம்போல் நழுவியது. மோட்டார் அடங்கிய அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம், தம்பியின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், குழந்தை போல.

“…நீதான் முடிக்கவே மாட்டியேக்கா. நானே ஒரு முடிவு வெச்சிருந்தேன். சின்ன வயசுலேயே. சொல்லவா?”

“ம்.”

அவள் துண்டைக் கீழே விட்டாள்.

கூடம் நீளமானது அல்ல. ஆனால் கால்கள் ஓடின, தரை பின்னால் போனது, கதவு அங்கேயே இருந்தது. பிறகு திடீரென்று அவள் கை கதவு நிலையில் இருந்தது.

திரை இழுத்த அறை. மாலை வெளிச்சம் சாம்பல் நிறத்தில். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், கண் மூடி. இடது கை மட்டும் பின்னால் நீண்டு, கட்டிலோர நாற்காலியை நோக்கி. நாற்காலி காலியாக இருந்தது. அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

“எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் கதவு வந்துடுச்சாம்,” என்றான் தம்பி. “ஆனா அது உள்ள போறதுக்கு இல்லக்கா. வெளிய வர்றதுக்கு.”

“ம்.”

அவள் கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். பேச்சு வரவில்லை, ஒரு வாக்கியம் கூட, ஒரு சொல் கூட.

“ஏன்கா உனக்கு இப்படி மூச்சு வாங்குது? ரொம்ப ஓடிட்டியா?”

“ம்.”

“கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு.” அவன் புருவம் சுருங்கியது. கண் திறக்கவில்லை. “அக்கா, அந்தக் கையை அழுத்தாத. வலிக்குது.”

அவன் முன்கையில், புடைத்த ரத்தக்குழாயின் மேல், தோல் ஐந்து இடங்களில் குழிந்து வெளுத்திருந்தது.

“விடுக்கா.”

அவளுடைய இரண்டு கைகளும் கதவு நிலையைப் பிடித்திருந்தன.

குழிகள் மெல்ல ஆழமாயின.